நாணலை எந்தக் கணக்கில் எழுதுவது?

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் கம்பெனிகளில் மரக்கன்று நடும் விழாவும் வந்துவிடும். ஒரே நிறத்தில் டி-ஷர்ட், பெரிய பேனர், முன்னாடியே வெட்டி வைத்த குழி. நிர்வாக இயக்குநர் ஒரு கன்றை வைத்து மண் தள்ளுவார், பூவாளியால் தண்ணீர் ஊற்றுவார், போட்டோ எடுப்பார்கள். நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீசுக்கு இந்தச் செலவின் வவுச்சர்கள் வருஷா வருஷம் வரும். கன்றுகளின் விலையைவிட டி-ஷர்ட்டின் விலை அதிகமாக இருக்கும். குழி வெட்டிய கூலிக்கு பில்லே இல்லாத வருஷமும் உண்டு. விசாரித்தால், போன வருஷத்துக் குழி காலியாகத்தான் இருந்தது என்பார்கள்.

தொழில் உலகில் இப்போது அடிக்கடி காதில் விழும் 'இயற்கை சார்ந்த தீர்வுகள்' என்ற சொல்லை இந்த விழாவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். இரண்டும் வேறு. முதலாவது நன்கொடை. இரண்டாவது முதலீடு. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

சரி, அப்படியென்றால் என்ன? ஐ.யு.சி.என். எனப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016இல் இதற்கு ஒரு வரையறை தந்தது. 2022 மார்ச்சில் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையும் ஏறக்குறைய அதே கருத்தில் ஒரு வரையறையை ஏற்றுக்கொண்டது. நீளமான வாக்கியங்கள். சுருக்கினால் இவ்வளவுதான்: ஏதோ ஒரு பிரச்சினை இருக்கிறது. அதைத் தீர்க்க ஒரு காட்டையோ ஏரியையோ சதுப்பு நிலத்தையோ மண்ணையோ காப்பாற்றுகிறோம், அல்லது சீர்செய்கிறோம், அல்லது புதிதாக உருவாக்குகிறோம். அதனால் பிரச்சினையும் தீர வேண்டும், அங்குள்ள உயிர்களுக்கும் நல்லது நடக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பெயர் பொருந்தாது. நூறு ஏக்கரில் தைல மரம் மட்டும் நட்டு வைத்துவிட்டு இந்தப் பெயரைச் சூட்டினால், அதை வரிசையாக நிற்கும் மரக்கட்டை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏரிக்கரை அரிக்காமல் இருக்கப் பனை வைத்த நம் ஊர்க்காரர்கள் இதற்குத் தனிப் பெயர் எதுவும் வைக்கவில்லை. கரை நின்றது, நுங்கும் கிடைத்தது.

ஒரு தொழிலுக்கு இதனால் என்ன ஆதாயம் என்று கேட்டால், பல கட்டுரைகள் நற்பெயர், வாடிக்கையாளர் நம்பிக்கை, ஊழியர் மனநிலை என்று ஒரு பட்டியல் போடும். அவை பொய்யில்லை. ஆனால் அவற்றைக் கணக்கில் ஏற்ற முடியாது. நான் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் செலவுப் பட்டியலில் எந்த வரியை ஒரு நாணல் புதரால், ஒரு மலைத்தேனீக் கூட்டத்தால், ஒரு பவளப்பாறையால் குறைக்க முடியும்? அந்த வரி இருந்தால் தீர்வும் இருக்கிறது. அப்படி ஒரு வரியே இல்லையென்றால் மரக்கன்று விழாவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் கதை அமெரிக்காவில். டெக்சாஸ் மாநிலத்தின் கடலோரத்தில் சீட்ரிஃப்ட் என்ற ஊரில் யூனியன் கார்பைடுக்கு ஒரு ரசாயன ஆலை இருந்தது. பெயரைக் கேட்டதும் நமக்குப் போபால்தான் நினைவுக்கு வரும். அதே கம்பெனிதான், 2001இல் டவ் கெமிக்கல் அதை வாங்கிவிட்டது. 1990களின் நடுவில் அந்த ஆலைக்கு ஒரு தலைவலி. கழிவுநீரை நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தம் செய்து, கடைசியாக ஒரு குளத்தில் தேக்கி, பிறகு வெளியேற்றுவார்கள். அந்தக் கடைசிக் குளத்தில் பாசி கண்டபடி வளர்ந்தது. வெளியே போகும் நீரில் மிதக்கும் துகள்களின் அளவு அரசு விதித்த வரம்பைத் தாண்டியது. ரசாயனத்தையெல்லாம் எடுத்துவிட்ட ஆலையைப் பாசி மாட்டிவிட்டது.

வழக்கமான வழி, இன்னொரு சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது. தொட்டி, பம்பு, காற்றூதி, இருபத்து நாலு மணி நேரமும் ஆள். மதிப்பீடு ஏறத்தாழ 4 கோடி டாலர். கட்டி முடிக்க நான்கு ஆண்டுகள். அப்போது வேறொரு யோசனை வந்தது: சதுப்பு நிலம் ஒன்றை நாமே உருவாக்கினால் என்ன? 110 ஏக்கரில் ஆழமில்லாமல் நீரைப் பரப்பி, நாணல், கோரை போன்ற நீர்ச்செடிகளை வளர்த்தார்கள். செலவு 12 முதல் 14 லட்சம் டாலருக்குள் அடங்கியது. பதினெட்டே மாதங்களில் வேலை முடிந்தது. நாளொன்றுக்கு 50 லட்சம் காலன், நம் கணக்கில் ஏறக்குறைய 1.9 கோடி லிட்டர் கழிவுநீரை அது கையாண்டது.

முப்பதில் ஒரு பங்கு செலவு. இது எப்படிச் சாத்தியம்? மந்திரம் ஒன்றுமில்லை. பாசி வளர வெயில் வேண்டும். அடர்ந்த செடிகள் நீருக்கு நிழல் போட்டால் பாசி தானாக அடங்கும். தண்டுகளுக்கு நடுவே நீர் மெதுவாக நகரும்போது மிதக்கும் துகள்கள் கீழே படியும். வேர்களையும் தண்டுகளையும் சுற்றிக் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு, மீதமுள்ள அழுக்கைத் தின்னும். தொட்டியில் இதே வேலையை நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன. அங்கே காற்றைக் கரண்ட் செலவழித்து ஊத வேண்டும். இங்கே தண்ணீர் பரந்து கிடப்பதால் காற்று மேலிருந்து தானே கலக்கிறது, செடிகள் வேர் வழியாகவும் கொஞ்சம் இறக்குகின்றன.

என்னை யோசிக்க வைத்தது அந்த விலைவித்தியாசம்கூட இல்லை. எங்கள் தொழிலில், நிலத்தைத் தவிர்த்தால், பெரும்பாலான சொத்துகள் வாங்கிய நாளிலிருந்து தேயும். இயந்திரத்துக்குத் தேய்மானம் போடுவதிலேயே எங்கள் மார்ச் மாதம் போய்விடும். நாணல் நட்ட நாளிலிருந்து வளர்கிறது. முதல் வருஷத்தைவிட மூன்றாம் வருஷம் அது நன்றாக வேலை செய்யும். இப்படி ஒரு சொத்தைக் கணக்குப் புத்தகம் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

உடனே ஒரு கேள்வி வரும்: 110 ஏக்கருக்கு எங்கே போவது? நியாயமான கேள்வி. சிமெண்ட் தொட்டி என்றால் சில ஏக்கரில் முடிந்துவிடும். சீட்ரிஃப்ட் ஆலையிடம் நிலம் சும்மா கிடந்தது. அம்பத்தூரில் கிடக்குமா? இயற்கை சார்ந்த தீர்வு கரண்டையும் ஆளையும் மிச்சப்படுத்தும், பதிலுக்கு நிலத்தையும் காலத்தையும் கேட்கும். இந்தப் பண்டமாற்று உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நிலம் தாராளமாக இருக்கும் இடம் என்றால் பாலைவனம். ஓமன் நாட்டில் நிம்ர் என்ற எண்ணெய் வயல் இருக்கிறது. பூமியிலிருந்து எண்ணெய் எடுக்கும்போது, ஒவ்வொரு பீப்பாய் எண்ணெயோடும் பல பீப்பாய் உப்புநீர் சேர்ந்து வரும். எண்ணெய்ப் பிசுக்கு கலந்த அந்த நீரை முன்பெல்லாம் பெரிய பம்புகளை ஓட்டி மறுபடி பூமிக்கு ஆழத்தில் செலுத்தினார்கள். அந்தப் பம்புகள் மின்சாரத்தை விழுங்கின. பெட்ரோலியம் டெவலப்மெண்ட் ஓமன் நிறுவனம் ஜெர்மனியின் பாவர் (Bauer) நிறுவனத்தோடு சேர்ந்து அங்கே நூற்றுக்கணக்கான ஹெக்டேரில் நாணல் படுகைகளை அமைத்தது. 2010 வாக்கில் ஓடத் தொடங்கிய அந்த அமைப்பு இப்போது நாளொன்றுக்கு 1 லட்சம் கன மீட்டருக்கு மேல் நீரை ஏற்கிறது. நிலத்தின் சரிவிலேயே நீர் படிப்படியாக இறங்கி ஓடுகிறது, பம்பு தேவையில்லை. மிச்சமிருந்த எண்ணெயை வேரடி நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. கடைசியில் ஆவியாகும் குளங்களில் நீர் வற்றி உப்பு மிஞ்சுகிறது. அப்புறம் யாரும் கூப்பிடாமலேயே பறவைகள் வந்தன. வலசை போகும் பறவைகள் உட்பட நூறு வகைக்கு மேல் அங்கே பதிவாகியிருக்கின்றன.

இதனால் எண்ணெய் எடுப்பது பசுமைத் தொழிலாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பம்பில் மிச்சமான எரிபொருளும் சந்தைக்குத்தான் போகிறது. ஆனால் நிறுவனம் இதைப் புண்ணியத்துக்காகச் செய்யவில்லை, கரண்ட் செலவுக்காகச் செய்தது என்பதைக் கவனியுங்கள். இந்தக் கட்டுரைக்கு அது போதும்.

இதைப் படிக்கும் திருப்பூர்க்காரர் ஒருவர் இப்போதே கால்குலேட்டரை எடுத்திருப்பார். அவசரப்பட வேண்டாம். நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அங்கே பிரச்சினையின் வேர் நிறம் மட்டுமில்லை, உப்பு. சாயம் துணியில் ஏற உப்பைக் கொட்ட வேண்டும். அந்த உப்பு அப்படியே கழிவுநீரில் வரும். நாணல் அழுக்கைத் தின்னும், உப்பைத் தின்னாது. ஓமனிலும் உப்பு மாயமாகிவிடவில்லை, குளத்தில்தான் கிடக்கிறது. ஆகவே சாயப்பட்டறைக்கு ஆர்.ஓ.வும் ஆவியாக்கும் கலனும் இல்லாமல் ஆகாது. 'நாணல் போட்டால் போதும்' என்று யாராவது விற்க வந்தால், உப்பை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ஆள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

வேலிக்கு வெளியே இருக்கும் இயற்கை

மேலே சொன்ன இரண்டும் நிறுவனத்தின் சொந்த நிலத்துக்குள் நடந்தவை. ஆனால் ஒரு தொழில் நம்பியிருக்கும் இயற்கை பெரும்பாலும் அடுத்தவர் நிலத்தில் இருக்கும். அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது, சுவாரசியமும் ஆகிறது.

பிரான்சின் வடகிழக்கில் வோஜ் பகுதியில் விட்டெல் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊரின் ஊற்று நீர்தான் அதே பெயரில் பாட்டிலில் விற்கப்படுகிறது. 1980களில் அந்த நீரில் நைட்ரேட் ஏறத் தொடங்கியது. காரணம், மேலே இருந்த விவசாயம். புல்வெளியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த குடியானவர்கள், தீவனத்துக்காக மக்காச்சோளத்துக்கு மாறியிருந்தார்கள். உரமும் சாணக்கழிவும் மழையோடு மண்ணுக்குள் இறங்கின. குழாய்த் தண்ணீராக இருந்தால் வடிகட்டிவிடலாம். 'இயற்கை மினரல் வாட்டர்' என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால், அங்குள்ள சட்டப்படி நீர் ஊற்றிலேயே சுத்தமாக இருக்க வேண்டும். நைட்ரேட்டை வடிகட்டி எடுத்தால் அந்த லேபிள் போய்விடும். லேபிள் போனால் வியாபாரமும் போய்விடும்.

கம்பெனி என்ன செய்யலாம்? ஊரை விட்டுப் போகலாம். ஆனால் பிராண்டின் பெயரே ஊரின் பெயர். எல்லா நிலத்தையும் வாங்கிப் போடலாம், நடக்கிற காரியமில்லை. வழக்குப் போடலாம், காலங்காலமாகச் செய்யும் விவசாயத்தை எந்தச் சட்டத்தில் தடுப்பது? ஆகவே 1989இல் பிரான்சின் அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, குடியானவர்கள் ஏன் அப்படி விவசாயம் செய்கிறார்கள், மாற என்ன வேண்டும் என்று நான்கு ஆண்டுகள் படித்தார்கள். கம்பெனி காசு கொடுத்து அடுத்தவர் வீட்டு அடுப்படிக் கணக்கைப் படித்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம்.

1992இல் அக்ரிவேர் என்ற தனி அமைப்பு தொடங்கப்பட்டது. ஒப்பந்தம் எளிது. மக்காச்சோளத்தை விடுங்கள். ரசாயனம் போடாதீர்கள். ஒரு ஹெக்டேருக்கு ஒரு மாட்டுக்கு மேல் வேண்டாம். சாணத்தை மக்கவைத்துப் போடுங்கள். பதிலுக்குக் கம்பெனி 18 முதல் 30 ஆண்டுகள் நீளும் ஒப்பந்தம் தந்தது. நிலக் கடன் அடைந்தது. கம்பெனி வாங்கிய நிலங்கள் வாடகையில்லாமல் பயிரிடக் கிடைத்தன. புதுத் தொழுவமும் கருவிகளும் அமைக்கப் பணம். மாறுகிற முதல் சில ஆண்டுகளுக்கு ஹெக்டேர் கணக்கில் ஈட்டுத்தொகை. எருவைப் பரப்பும் வேலையைக்கூடக் கம்பெனியின் ஆட்களே செய்து கொடுத்தார்கள். முதல் ஏழு ஆண்டுகளில் ஏறக்குறைய 2.4 கோடி யூரோ செலவானது. 2004 வாக்கில் அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியின் 26 பண்ணைகளும் சேர்ந்துவிட்டன.

இந்தப் பணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது? தானமா? இல்லை. அது மூலப்பொருள் செலவு. பாட்டில் கம்பெனியின் மூலப்பொருள் தண்ணீர். தண்ணீரின் மூலப்பொருள் அந்தப் புல்வெளி. நூல் மில்லுக்குப் பஞ்சு எப்படியோ அப்படி.

கதை இதோடு முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். அதே ஊரில் ஆழத்து நிலத்தடி நீர்மட்டம் இறங்குவது பற்றிப் பின்னாளில் பெரிய சர்ச்சை எழுந்தது. நீரின் தரத்தைக் காப்பதும் அளவைக் காப்பதும் ஒன்றல்ல. அதன்பிறகு 2024 ஜனவரியில், விட்டெல்லை வைத்திருக்கும் நெஸ்லே வாட்டர்ஸ், தன் சில மினரல் வாட்டர் பிராண்டுகளுக்குத் தடைசெய்யப்பட்ட சுத்திகரிப்பு முறைகளைப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டது. விவகாரத்தை முடிக்க 20 லட்சம் யூரோ கட்டியது. புல்வெளியில் நடந்த நல்ல காரியத்தைத் தொழிற்சாலைக்குள் நடந்தது கெடுத்துவிட்டது. பாடப் புத்தகங்கள் முதல் பாதியை மட்டும் சொல்லும். முதலீடு செய்பவர் இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

தேனீக்குச் சம்பளம் இல்லை

காபி குடிப்பவர்களுக்கு அடுத்த கதை. கோஸ்டா ரிகாவில் ஃபிங்கா சாண்டா ஃபே என்றொரு பெரிய காபித் தோட்டம். அதன் ஓரத்தில் இரண்டு காட்டுத் துண்டுகள். டெய்லர் ரிக்கெட்ஸ் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் அங்கே செடிகளின் விளைச்சலை அளந்து 2004இல் வெளியிட்டார்கள். காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த செடிகள் 20 சதவீதம் கூடுதலாகக் காய்த்தன. காட்டில் வாழும் தேனீக்கள் வந்து மகரந்தம் சேர்த்ததுதான் காரணம். 'பீபெரி' காய்களும் 27 சதவீதம் குறைந்தன. நம் ஊர்க் காபிக் கடையில் பீபெரி என்றால் விலை கூட. கிலோவுக்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறோம். ஆனால் ஒரு காய்க்குள் இரண்டு கொட்டைக்குப் பதிலாக ஒன்றே உருண்டையாக விளைவதுதான் பீபெரி. மகரந்தம் சரியாகச் சேராததும் அதற்கு ஒரு காரணம். அந்தத் தோட்டத்துக்கு அது குறை.

அந்த இரண்டு காட்டுத் துண்டுகளும் அந்த ஒரே தோட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 டாலர் மதிப்புள்ள வேலையைச் செய்கின்றன என்று கணக்கிட்டார்கள். சம்பளம் இல்லை, பி.எஃப். இல்லை, போனஸ் இல்லை. நம் பக்கத்து மலைகளிலும் இதே கதைதான். ரோபஸ்டா காபிச் செடி தன் மகரந்தத்தால் தானே காய்க்காது, வேறு செடியிலிருந்து வர வேண்டும். குடகுத் தோட்டங்களில் அதைச் சுமந்து வருவதில் மலைத்தேனீக்குப் பெரிய பங்கு உண்டு. அது பெட்டியில் அடங்காது. உயரமான மரம் வேண்டும். நிழல் மரங்களை வெட்டி விற்கும் தோட்டக்காரர், தன் வேலையாளின் குடியிருப்பை இடித்து விற்கிறார்.

ஆனால் கோஸ்டா ரிகா கதைக்கும் ஒரு வால் உண்டு. ஆய்வு முடிந்த கொஞ்ச காலத்தில், காபி விலை அடிமட்டத்துக்குப் போனதால், அந்தத் தோட்டம் காபியை அழித்துவிட்டு அன்னாசி போட்டது. அன்னாசி காய்க்கத் தேனீ தேவையில்லை. 60,000 டாலர் காடு ஒரே பருவத்தில் அந்த முதலாளிக்குப் பைசா பெறாததாகிவிட்டது. காடு மாறவில்லை, தேனீ மாறவில்லை, சந்தை மாறியது. 'இயற்கைக்கு விலை போட்டால் எல்லோரும் காப்பார்கள்' என்று பேசும்போதெல்லாம் எனக்கு இந்த அன்னாசி நினைவுக்கு வரும். விலை ஒரு நல்ல காரணம். ஒரே காரணமாக அது இருக்கக் கூடாது.

மெக்சிகோவின் கரீபியன் கடற்கரையில் கேன்குன் பக்கம் ஓட்டல்காரர்களுக்கு வேறு மாதிரிக் கவலை. அங்கே வியாபாரமே கடற்கரை மணல். கடலுக்குள் இருக்கும் பவளப்பாறைதான் புயல் அலையை உடைத்து அந்த மணலைக் காக்கிறது. ஒரு பவளத்திட்டு அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைக் குறைத்துவிடுகிறது என்று 2014இல் வந்த ஆய்வு ஒன்று சொன்னது. புயலில் பாறையும் உடையும். உடைந்ததைச் சில வாரங்களுக்குள் ஒட்டிச் சரிசெய்யாவிட்டால் செத்துப்போகும். அதற்கு உடனே பணம் வேண்டும். ஆகவே 2019இல் கேன்குன் இருக்கும் குவின்டானா ரூ மாநிலத்தில் பவளப்பாறைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தார்கள். காற்றின் வேகம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், சேதத்தை யாரும் வந்து பார்க்காமலேயே பணம் வந்துவிடும். 2020 அக்டோபரில் டெல்டா புயல் அடித்ததும் ஏறக்குறைய 8.5 லட்சம் டாலர் வந்தது. பயிற்சி பெற்ற முக்குளிப்பவர்கள் இறங்கிப் பாறையை ஒட்டினார்கள். லாரிக்கும் குடோனுக்கும் போடுகிற பாலிசியை ஓர் உயிருள்ள பாறைக்குப் போட்டது நல்ல யோசனை.

எங்கே சறுக்கும்?

பல இடங்களில். அலையாத்திக் காட்டையே எடுத்துக்கொள்வோம். 2004 சுனாமிக்குப் பிறகு அது கரையைக் காக்கும் என்ற பேச்சு எங்கும் பரவியது. இலங்கையில் ஊர் ஊராக நட்டார்கள். பின்னால் 23 இடங்களை ஆய்வு செய்து பார்த்தால், ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. 1,000 ஹெக்டேருக்கு மேல் போட்ட முயற்சியில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறியது. தப்பான இனத்தைத் தப்பான இடத்தில் நட்டது, நட்டபிறகு திரும்பிப் பார்க்காதது, இவைதான் முக்கியக் காரணங்கள். அலையாத்திக்கு எவ்வளவு நேரம் நீரில் நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. நமக்கு இடம் கிடைக்கிறதே என்று சேற்றில் நட்டால் வளராது. அங்கே இயல்பாக ஏன் மரம் இல்லை என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு சறுக்கல், பயன் எல்லோருக்கும் செலவு யாருக்கும் இல்லை என்பது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் ஐ.டி. கம்பெனிகள் ஆட்களை பஸ் வைத்துப் பெங்களூருக்கு அனுப்பி வேலையை ஓட்டின. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடமாகவும் சாலையாகவும் குப்பைமேடாகவும் மாறியதற்கும் அந்த வட்டாரத்தில் தண்ணீர் நின்றதற்கும் தொடர்பு இருப்பது யாருக்கும் தெரியாததல்ல. 2022இல் மிச்சமுள்ள சதுப்பு நிலம் ராம்சர் தளமானது, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஒரு கம்பெனி தனியாகக் காசு போட்டு அதைச் சீர்செய்தால், பக்கத்துக் கம்பெனிக்கும் இலவசமாகப் பயன் போகும். அதனால் யாரும் முன்வருவதில்லை. விட்டெல்லில் பயன் அடைந்தது ஒரே கம்பெனி, அதனால் அது நடந்தது. பலருக்குச் சொந்தமான பிரச்சினைக்குச் சங்கமோ அரசோ நடுவில் வந்து வசூல் செய்ய வேண்டும். மெக்சிகோவில் பாறைக்கான நிதிக்கு அரசுதான் நடுவில் நின்றது.

அப்புறம் நம் ஊர்ச் சட்டச் சிக்கல் ஒன்று. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்கீழ் வரும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். 'இந்த நாணல் படுகையை அந்தப் பணத்தில் போட்டுவிடலாமே' என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. முடியாது. வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்வது அந்தக் கணக்கில் சேராது. முதலில் இதை ஒரு தடையாகத்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. தொழிலுக்குப் பயன்படும் தீர்வு தொழிலின் முதலீட்டுக் கணக்கில்தான் போட்டியிட்டு ஜெயிக்க வேண்டும். பம்பு கொட்டேஷனும் நாணல் கொட்டேஷனும் ஒரே மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். தானக் கணக்குக்குப் போனால் அடுத்த வருஷம் லாபம் குறைந்ததும் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

சிறிய இடத்தில் என்ன செய்யலாம்?

புதுச்சேரி தவளக்குப்பத்தில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையின் கழிவுநீர் அமைப்பை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். 2003இல் அமைத்தது. கழிவுநீர் முதலில் மூடிய தொட்டிகளில் காற்றில்லாமல் நொதிக்கும், பிறகு செடி வைத்த ஜல்லிப் படுகை வழியாக ஊறிப் போகும், கடைசியில் திறந்த குளத்தில் வெயில் படும். அந்தத் தண்ணீர் தோட்டத்துக்குப் போகிறது. ஓடும் இயந்திரம் மிகக் குறைவு என்பதால் பழுதாக அதிகம் ஒன்றுமில்லை.

அதைப் பார்த்துவிட்டுத்தான் ஈரோட்டுக்கு வெளியே கல்யாண மண்டபம் வைத்திருக்கும் என் பெரியப்பா ஓர் ஆளைப் பிடித்துச் சிறிதாக ஒன்று போட்டார். அதுவரை முகூர்த்த நாள் தவறாமல் செப்டிக் டேங்க் லாரிக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. மூன்று அறை கொண்ட மூடிய தொட்டி, அதன்பின் இடுப்பளவு ஆழத்தில் ஜல்லிப் படுகை, மேலே கல்வாழை. முதல் ஆறு மாதத்தில் படுகை அடைத்துக்கொண்டது. காரணம் சமையற்கட்டு. எண்ணூறு பேர் சாப்பிட்ட பந்தியின் எண்ணெயும் ரசமும் நேராகத் தொட்டிக்குப் போயிருந்தன. எண்ணெயைத் தனியாகப் பிடிக்க ஒரு சின்னத் தொட்டி வைத்து, முன்பக்கத்து ஜல்லியை அள்ளிக் கழுவிப் போட்ட பிறகு சரியானது. அதன்பின் லாரி வருவது அபூர்வம். தென்னைக்குத் தண்ணீர் மிச்சம். மாப்பிள்ளை வீட்டார் கல்வாழைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எதன்மேல் நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் கழிவுநீர் இல்லை. ஆடி பாதியில் கல்வாழை தலைசாய்ந்துவிட்டது. இப்போது வாட்ச்மேன் ஒருநாள் விட்டு ஒருநாள் போர் தண்ணீரைப் படுகைக்குப் பாய்ச்சுகிறார். போன மார்ச்சில் கணக்கு முடிக்கப் போனபோது பெரியப்பா கரண்ட் பில்லை நீட்டினார்.

"ஏன் கண்ணு, கழிவைச் சுத்தம் பண்ற செடிக்கு நல்ல தண்ணி உட்டதை எந்தச் செலவுல எழுதறது?"

"பராமரிப்புன்னு போடலாங்க பெரியப்பா."

"போடு போடு. அந்த லாரிக்காரனுக்குக் குடுத்ததுல இது கால்வாசி கூட வராது."